குளத்தில் புகுந்த நீர்மூழ்கி

பூங்கா இலாகாவின் மீன்குளத்தைக் காப்பது லேசுப்பட்ட வேலையல்ல. குஞ்சுகள் பிழைத்தால்தான் காவலருக்கும் பிழைப்பு. பெற்ற பிள்ளையைப் போல அவற்றை வளர்த்தார்.

ஒருநாள் காலை குளத்தில் தண்ணிவண்டுகள் புகுந்திருந்தன. கட்டைவிரல் அளவுதான், ஆனால் குஞ்சுகளைக் கவ்விக் கடித்துத் தின்றுகொண்டிருந்தன. வலையை எடுத்த காவலர் அதைக் கீழே வைத்துவிட்டார். அனுமதியில்லாமல் இலாகா நீரில் வலை வீசக்கூடாது.

அலுவலகத்திலோ அப்போது தூயசொல் மோகம் தலைவிரித்தாடியது. 'தண்ணி' என்றவர்களை வாசலில் நிற்க வைத்தார்கள். அனுமதி கேட்கக் கிளம்பிய காவலர் 'நீர்மூழ்கி வண்டு' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். 'வண்டு'கூடக் கொச்சையோ என்று பயந்து அதையும் விட்டுவிட்டார்.

"ஐயா, குளத்துல நீர்மூழ்கி புகுந்திருச்சு."

மேலாளர் எழுந்தே நின்றுவிட்டார். "உள்ளே எத்தனை பேர்?"

"யாருமில்லீங்க. பசிச்சா அதுவா வருது."

ஆளில்லாத ரகம் என்று மேலிடத்துக்குத் தகவல் பறந்தது. குளத்தைச் சுற்றி முள்வேலி வந்தது, 'நீர்மூழ்கிப் பிரிவு' என்று பலகை வந்தது, பெரிய அதிகாரிகள் வந்தார்கள். ஒரு வண்டு பின்பக்கத்தை நீர்மட்டத்துக்குத் தூக்கித் தலைகீழாகத் தொங்கியது. வேவு பார்க்கிறது என்றார் மேலாளர்.

காவலருக்குப் பொறுக்கவில்லை. "மூச்செடுக்குதுங்க. வெறும் வண்டு ஐயா. ரெண்டு வீச்சுல அள்ளிடலாம்."

மேலாளர் அவரைத் தனியே அழைத்துப்போனார். "நீர்மூழ்கின்னு சொல்லியாச்சு. இனிமே வண்டுன்னு எப்படிய்யா சொல்றது?"

காவலர் வலையைச் சுருட்டி வைத்தார். ஊர் இளவட்டங்கள் வண்டு நிறத்தில் பளபளக்கும் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு வேலியோரம் திரிந்தார்கள். குஞ்சுகள் ஒன்றுவிடாமல் தீர்ந்தன. இரை இல்லாததால் வண்டுகள் ஒவ்வொன்றாகப் பறக்கத் தொடங்கின. இலாகா அரண்டது. நீர்மூழ்கி போய்விட்டால் பிரிவு எதற்கு, அதில் சேர்ந்த இத்தனை பேர் எதற்கு? தினமும் மீன்குஞ்சு வாங்கிப் போடும்படி உத்தரவு வந்தது. போடும் பொறுப்பு, பதவி உயர்வோடு, காவலருக்கே வந்தது. முதல்நாள் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டினார். அப்புறம் பழகிவிட்டது.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இந்தத் தண்ணிவண்டுக்கா குஞ்சை அள்ளிக் கொட்டுறீங்க?"

"மெதுவாப் பேசு. நம்ம வீட்டு அடுப்பு எரியறதே அதாலதான்."

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி அவளிடம், வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டாள்.

"நீர்மூழ்கில இருக்காரு" என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டுக்காரி குரலைத் தாழ்த்தினாள். "நானும் எட்டிப் பார்த்தேன்க்கா, வண்டுதான். அதை விடுங்க. எங்க வீட்டுக்காரருக்கும் அதுல ஒரு இடம் கிடைக்குமா?"