நாற்பத்தோராவது கை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, தங்கள் பத்திரிகையை முப்பத்தோரு வருடமாக முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, டெண்டர் அறிவிப்பு உட்பட, ஒரு வரி விடாமல் படித்து வருகிற வாசகி எழுதுவது. நானும் என் குடும்பத்தாரும் போன சனிக்கிழமை வரை நலம். தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சுக்கூடத்தில் வேலை செய்கிறவர்களும் நலமாக இருக்க வேண்டும் என்று, எனக்கு நீங்கள் செய்ததையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, மனதார விரும்புகிறேன்.

முதலில் நாங்கள் எப்படிப்பட்ட குடும்பம் என்று தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் மூத்த பேரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பன்னிரண்டு மாடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு லாரியையே பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல் தூக்கி வைப்பான், ஐந்து வருடத்தில் ஒரு பெட்டியைக்கூடக் கீழே போட்டதில்லை. அடுத்தவள் என் பேத்தி, நர்சிங் படித்துவிட்டு அரசாங்கப் பரீட்சை எழுதி மாநிலத்திலேயே பதினேழாவதாகத் தேறியவள். தங்கள் பத்திரிகையில்தான் ரிசல்ட் வந்தது, அந்தப் பக்கத்தை வெட்டி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். சின்னப் பேரன் நீளம் தாண்டுவதில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. முதலாவதாக வந்த பையன் கோட்டை மிதித்துவிட்டுத்தான் தாண்டினான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கடைக்குட்டிக்கு இரண்டரை வயது, இருபது வரை எண்ணுகிறாள், பதினாலு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இவர்களில் ஒருவர் பேரிலும் இன்றுவரை ஒரு புகார் கிடையாது. இப்படிப்பட்ட வீட்டைத்தான் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு படம் போட்டுக் கலங்கடித்துவிட்டீர்கள்.

நடந்தது இதுதான். சின்ன ஆஸ்பத்திரிகளையெல்லாம் மூடிவிட்டு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்க்கப் போகிறதாமே அரசாங்கம், அது நல்லதா கெட்டதா என்று நூலகத்து மாடியில் தங்கள் பத்திரிகை சனிக்கிழமை 'மக்கள் மேடை' நடத்தியது. எனக்கு அதில் ஒரு அபிப்பிராயமும் கிடையாது. கீழ் வீட்டில் தையல் கடை வைத்திருப்பவள், ஏசி ஹால், சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டாள், போனேன். ஆதரிக்கிறவர் ஒருவர் பேசினார், எதிர்க்கிறவர் ஒருவர் பேசினார், இருவரும் ஒரே புள்ளிவிவரத்தைத்தான் சொன்னார்கள், ஆளுக்கொரு குரலில் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. என் வயதில் ஏசியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று தங்கள் தாயாரைக் கேட்டால் சொல்வார்கள். எனக்கு வெளியே போக வேண்டியிருந்தது. பெரிய மனிதர்கள் பேசும்போது பாதியில் எழுந்து போவது மரியாதை இல்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான், ஆனால் படித்ததை ஒழுங்காகப் படித்தவள். வெளியே போக வேண்டுமென்றால் வலது கையைத் தூக்க வேண்டும், டீச்சர் பார்த்துத் தலையாட்டுகிற வரை இறக்கக் கூடாது. தூக்கினேன். நான் தூக்கிய பிறகுதான், இதைத் தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும், தூக்கிய பிறகுதான் உங்கள் நிருபர் மைக்கில், திட்டத்தை எதிர்க்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று சொன்னார். சுற்றிலும் கையாக எழும்பியது. யாரோ படம் பிடித்தார்கள், கண்ணில் வெளிச்சம் அடித்தது. கண்ணாடி போட்ட தம்பி ஒருவர் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே வந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்று எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஹாலே கை தட்டிக்கொண்டிருந்தது. யாருக்கோ ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று நானும் தட்டினேன்.

மறுநாள் பத்திரிகையைப் பிரித்தால் முதல் பக்கம், பக்கத்தின் அகலம் முழுக்க எட்டுப் பத்தித் தலைப்பு: 'ஒரே கையில் தோற்றது அரசுத் திட்டம்'. ஆதரவு நாற்பது, எதிர்ப்பு நாற்பத்தொன்று. கீழே படம். படத்தில் முன்வரிசைக்காரர் ஒருவருடைய வழுக்கைத் தலை, அதற்குப் பின்னாலிருந்து முளைத்தாற்போல் என் கை, என் முகத்தில் கால்வாசி. அத்தோடு விட்டிருந்தால்கூட ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது ஐயா. தையல்காரிதான், ரவிக்கைக் கையில் அவள் வைத்த ஒட்டுத் தெரிகிறது என்ற சந்தோஷத்தில், அந்தக் கை என் தையல் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டிவிட்டாள். சாயங்காலம் டிவியில் நாலு கட்டத்தில் நாலு பேர் உட்கார்ந்து என் கையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒருவர் அது மக்களின் மனசாட்சி என்றார். ஒருவர் அது கூட்டி வந்த கை என்றார். மூன்றாமவர், அது ஏன் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது, அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பின்னால் யாரும் இல்லை, எனக்கு அந்தத் தோளில் வாதம், நேராகத் தூக்க வராது. நாலாமவர் பேச ஆரம்பிப்பதற்குள் என் மகன் டிவியை அணைத்துவிட்டு, குனிந்து வயரையும் பிடுங்கிவிட்டான்.

எதற்கு இவ்வளவு பயம் என்று தாங்கள் கேட்கலாம். என் பேத்திக்கு வேலை உத்தரவு வர வேண்டும். பரீட்சையில் தேறி பதினாலு மாதம் ஆகிறது. ஃபைல் இருப்பது அதே சுகாதாரத் துறையில், கையெழுத்துப் போட வேண்டியது அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர்களுடைய ஆட்கள். தேர்தல் தேதி இன்றைக்கோ நாளைக்கோ என்கிறீர்கள் நீங்கள். தேதி அறிவித்துவிட்டால் புது உத்தரவு எதுவும் கொடுக்கக் கூடாதாம். அந்த நேரம் பார்த்து அவளுடைய பாட்டி அரசாங்கத்தைத் தோற்கடித்திருக்கிறாள். பிள்ளை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் ஒரு மூச்சு அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இருப்பாள், திங்கட்கிழமையிலிருந்து அதைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள்.

திங்கட்கிழமையே எதிர்க்கட்சிக்காரர்கள் எட்டுப் பேர் பூச்செண்டோடும் கேமராவோடும் வந்து கதவைத் தட்டினார்கள். பாட்டி ஊரில் இல்லை என்று நானே கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். எப்போது வருவார்கள் என்று கேட்டார்கள், தேர்தல் முடிந்து வருவார்கள் என்றேன். பூச்செண்டை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அதை யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று என் மருமகள் எடுத்துக் கொண்டுபோய்க் குளியலறை வாளிக்குள் வைத்துத் தட்டைப் போட்டு மூடினாள். மூடிவிட்டு வருவதற்குள் ஆளுங்கட்சி மகளிர் அணித் தலைவி வந்துவிட்டார். அந்த அம்மா ஒரு கடுமையான சொல் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"உடம்பெல்லாம் நல்லா இருக்கா பாட்டி? கை வலிக்குதா?"

இல்லை என்றேன்.

"வலிக்காமப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு அந்தத் தோள் வலிக்கிறது.

புதன்கிழமை போலீஸ்காரர் வந்தார். தனியாகத்தான் வந்தார், சைக்கிளை மெதுவாகச் சாத்தினார், நோட்டைப் பிரித்தார். இந்த வீட்டில் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை என்று நான் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்து, டீச்சர், ஏசி, வெளியே போக வேண்டியிருந்தது, கண்ணாடித் தம்பி தலையாட்டியது, பூச்செண்டு வாளிக்குள் இருப்பது வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பேத்திக்கு இதில் சம்பந்தமே இல்லை, கொண்டுபோவதானால் என்னைக் கொண்டுபோங்கள், மாத்திரைப் பை தயாராக இருக்கிறது என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"பாட்டி, நான் உங்க பேத்தி வேலைக்கு விலாசம் சரிதானான்னு பார்க்க வந்தேன்."

தாங்களே பாருங்கள் ஐயா. ஃபைல் நகர்ந்திருக்கிறது, நகர்ந்த ஃபைலுக்குக் குறுக்கே நானே போய்ப் படுத்திருக்கிறேன். அவர் நோட்டில் ஏதோ நாலைந்து சொல் எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை. தெரு முனையில் ஜீப் சத்தம் கேட்டால் என் மருமகள் அடுப்பை அணைத்துவிடுகிறாள், எதற்கென்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை.

ஆகையால் தாங்கள் ஒரு திருத்தம் போட வேண்டும். எதிர்ப்பும் நாற்பது, சமம், ஒருவரும் தோற்கவில்லை என்று போட வேண்டும். நீங்கள் திருத்தத்தைப் பதினோராம் பக்கத்தின் அடியில், காணாமல் போன சான்றிதழ் விளம்பரத்துக்குப் பக்கத்தில் கொசு அளவு எழுத்தில் போடுவது எனக்குத் தெரியும். இதை எட்டுப் பத்தியில் போட வேண்டும். காரணம் கேட்டால், அந்த அம்மாள் தோளுக்குப் பயிற்சி செய்தார் என்று போடவும், உண்மைக் காரணத்தை ஊர் முழுக்கப் படிக்க வேண்டாம். இவ்வளவும் எழுதி என் மகனிடம் படித்துக் காட்டினேன். அவன் குடிநீர் வாரியத்தில் இருப்பவன், நாலும் யோசிப்பவன். "மாத்திப் போட்டுட்டா, அப்புறம் எதிர்க்கட்சிக்காரங்க ஜெயிச்சு வந்தா என்னம்மா பண்றது?" என்று கேட்டான். எனக்குக் கை கால் ஓடவில்லை. எனவே எட்டுப் பத்தி வேண்டாம், சமம் என்றும் வேண்டாம். எண்ணியதில் பிழை இருக்கலாம், எந்தப் பக்கம் என்று சொல்வதற்கில்லை என்று ஏதாவது ஒரு பக்கத்தில், ஆளுங்கட்சி கண்ணில் படுகிற மாதிரியும் எதிர்க்கட்சி கண்ணில் படாத மாதிரியும் போட்டுவிடவும்.

தங்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்து, யாருக்கும் பயப்படாத ஓர் உத்தியோகத்தில் அமர்ந்து, தாங்கள் கண்பார்வை மங்காமல் நீண்ட காலம் தலைப்பு எழுத வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பேத்தி ஓடி வந்துவிட்டாள். உத்தரவு வந்துவிட்டது. போலீஸ்காரர் எழுதியது 'விலாசம் சரி, குடும்பத்தார் வெளிப்படையாகப் பேசுகிறார்கள்' என்பது மட்டும்தான் என்று ஆபீசில் சொன்னார்களாம். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். இடம், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி. நீங்கள் மூன்றாம் பக்கத்தில் வெளியிட்டிருந்த, மூடப் போகிற ஆஸ்பத்திரிகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவதாக இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்து மூன்று தடவை பார்த்தேன், பன்னிரண்டாவதாகத்தான் இருக்கிறது. ஆகவே மேலே எழுதியது எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். திருத்தம் போடக் கூடாது. நாற்பத்தொன்று சரியான கணக்கு, அந்தத் தம்பி நன்றாக எண்ணுகிறார். அடுத்த 'மக்கள் மேடை' எப்போது என்று தெரிவித்தால், முன்கூட்டியே எல்லா வேலையும் முடித்துக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்காருகிறேன். பெயர் மட்டும் எந்தக் காரணம் கொண்டும் போட்டுவிடாதீர்கள், பேத்தி இப்போது அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறாள், எனக்கு இன்னும் நடுக்கம் போகவில்லை. ஆனால் அந்தப் படத்தில் வழுக்கைத் தலைதான் தெரிகிறது, எதிர்த்தது அவர்தான் என்று நாளைக்கு யாராவது சொல்லிவிடுவார்கள். போட்டோக்காரரை ஒருநாள் அனுப்பி, முகம் முழுக்கத் தெரிகிற மாதிரி புதுசாக ஒரு படம் எடுக்கச் சொல்லி, பத்திரிகையில் போட்டுவிட்டு, எனக்கும் ஒரு பிரதி தபாலில் அனுப்பி வைக்கவும்.