பீம் வரணுங்க

திருப்பூரில் நூலுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு, ஆர்டருக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. அணுவைவிடச் சின்ன துகளுக்குக் காத்திருந்தவர் இந்த ஊர் சரித்திரத்திலேயே எங்கள் பீம்காரர் ஒருவர்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். தூத்துக்குடியிலிருந்து பிழைக்க வந்த நான், வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் இருந்தேன். அவர் இந்த ஊர்க்காரர்தான். ஆனால் வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர். அங்கே துகள்களை அசுர வேகத்தில் ஓடவிடும் ராட்சத மெஷின் உண்டு. ஓடும் துகள் கற்றைக்குப் பெயர் பீம். அதன் குவாலிட்டியை அளப்பது இவர் வேலை. மெஷின் பழுதானதும், பீம் வந்தால் கூப்பிடுகிறோம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேலை கேட்டு வந்தவர், "பீம் குவாலிட்டி பார்த்தேனுங்க" என்றார். எங்கள் முதலாளிக்குத் தெரிந்த பீம், தறியில் பாவு நூல் சுற்றும் உருளை. பல்லடம் பக்கம் தறி போடும் ஆசையில் இருந்த மனிதர், அன்றைக்கே அவரைச் செக்கிங்கில் உட்கார வைத்துவிட்டார்.

போன் என் மேஜையில். அது அடித்தால் போதும், பீம்காரர் எழுந்து நிற்பார். "பீம் வந்துருச்சுங்களா?" என்பார். சாயப்பட்டறைக்காரர் என்றால் உட்கார்ந்துவிடுவார். பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காத முதலாளி, ஒருநாள் லாரி ஆபீசுக்கே போன் போட்டு, எங்கள் தம்பியின் பீம் எங்கே என்று சத்தம் போட்டார். அவர்களும் கூசாமல், காங்கேயம் தாண்டிவிட்டது, சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள்.

கரண்ட் போனால்தான் பீம்காரருக்குப் பொழுது விடியும். விளையாட்டு பனியனுக்கு வந்த மெஷ் துணியைச் சுவருக்கு முன்னால் விரித்து, ஆளாளிடம் டார்ச் வாங்கி அடித்துப் பார்ப்பார். ஓட்டைகளின் வழியே வெளிச்சம் தனித்தனிப் புள்ளியாக விழுந்தால் நல்ல பீம். கலங்கி ஒட்டிக்கொண்டால் மோசம். மெஷினிலும் ஓட்டைத் தகடு வைத்து இப்படித்தான் அளப்பார்களாம். முதலாளியின் நீள டார்ச்சை, "வெளிச்சம் நெறையாத்தானுங்க. ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தெசையப் பாக்குதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். முதலாளிக்கு அந்த வாரம் முழுக்க முகம் சரியில்லை.

என் சாவிக்கொத்தில் தொங்கிய பொடி டார்ச்சை அடித்தபோது மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "இது நல்ல பீமுங்க" என்றார். டார்ச்சைத்தான் சொன்னார், தெரியும். ஆனாலும் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அந்தப் போனும் ஒருநாள் வந்தது. இந்தி கலந்த ஆங்கிலத்தில் யாரோ அவர் பெயரைச் சொன்னார். வரவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்த போன். நிமிர்ந்தேன். வழக்கம்போல எழுந்து நின்றிருந்தார்.

"சார், பீம் வந்துட்டாம்."

"நெசமாலுமேங்களா?" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து ஓடிவந்த முதலாளி, "எந்த லாரீங்க தம்பி?" என்று கேட்டார்.

போயிட்டு வர்றேனுங்க என்று சொல்லித்தான் ரயில் ஏறினார். வரவில்லை. மெஷின் நன்றாக ஓடுகிறது போலிருக்கிறது, ஓடட்டும்.

இப்போதும் வீட்டில் கரண்ட் போனால் கொசுவலைக்கு முன்னால் அந்தப் பொடி டார்ச்சை அடித்துப் பார்க்கிறேன். சுவரில் புள்ளிகள் கலங்காமல் விழுகின்றன. நல்ல பீம்தான். சொல்லத்தான் ஆளில்லை.