பன்னிரண்டாவது கட்டம்

பஸ் ஸ்டாப்பில் சோப்பு விளம்பரப் பலகைக்குப் பின்னால் டீச்சர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மழை இல்லை. ஆனாலும் கணவருடைய மழைக்கோட்டைப் போட்டிருந்தாள். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பவர் கண்ணாடியைக் கழற்றிப் பள்ளிக்கூட மேஜையிலேயே வைத்துவிட்டு வந்ததுதான் அன்றைக்கு அவள் செய்த முதல் புத்திசாலித்தனம்.

பலகைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தவள் அவளுடைய மாணவி. வயது இருபது. அந்தச் சிறப்புப் பள்ளியில் எல்லோரும் அவளை ‘வரிசை’ என்றுதான் கூப்பிடுவார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கவும் மணி பார்க்கவும் அவளுக்கு மற்றவர்களைவிட அதிக நாள் பிடித்தது. ஆனால் ஒரு வேலையை ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். இடியே விழுந்தாலும் இரண்டை முடிக்காமல் மூன்றைத் தொட மாட்டாள்.

அன்றைய பாடம், தனியாகப் பஸ் ஏறி நூலகம் போய்ப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வருவது. டீச்சர் அவள் கண்ணில் படாமல் பின்னாலேயே போய்த் தாளில் இருக்கும் பன்னிரண்டு கட்டங்களில் டிக் போட வேண்டும். பேசக் கூடாது, உதவக் கூடாது. பன்னிரண்டும் நிறைந்தால் திங்கட்கிழமை முதல் வரிசைக்குப் பேக்கரியில் வேலை. ரொட்டியை உறையில் போட்டு அடுக்க வேண்டும். அவளுக்கென்றே செய்துவைத்த மாதிரி வேலை.

ஒரே முட்டுக்கட்டை அவளுடைய அப்பா. ‘தனியாகப் பயணம் செய்ய அனுமதிக்கிறேன்’ என்ற படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் பேக்கரியில் சேர்த்துக்கொள்வார்கள். முந்தின நாள்தான் கூரை அதிரக் கத்திவிட்டுப் போயிருந்தார்.

"யார் பின்னாடியாவது போய்த் தப்பான பஸ்ல ஏறிடுவா டீச்சர். என் பொண்ணப் பத்தி எனக்குத் தெரியாதா? கையெழுத்தெல்லாம் கிடையாது."

அந்தப் படிவம் டிக் தாளோடு சேர்த்து அட்டையில் செருகியிருந்தது. டீச்சர் அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நாலு வருஷம் சொல்லிக்கொடுத்த பெண்.

திடீரென்று போன் அடித்தது. தலைமையாசிரியை.

"என்னம்மா, ஏறிட்டாளா?"

"மேடம், ஒளிஞ்சிட்டிருக்கேன். வைங்க."

அவசரமாகப் போனைக் கோட்டுப் பையில் போட்டாள். அந்தப் பையில், தைக்கிறேன் தைக்கிறேன் என்று கணவர் மூன்று மாதமாகச் சொல்லிவந்த ஓட்டை இருந்தது. போன் சத்தமில்லாமல் புல்லில் விழுந்தது.

பஸ் வந்தது. மஞ்சள் பை முன்வாசலில் ஏறுவது மங்கலாகத் தெரிந்தது. டீச்சர் ஓடிப்போய்ப் பின்வாசலில் ஏறினாள். அவளுக்குப் பின்னால் மூக்குவரை மாஸ்க் போட்ட ஒரு மனிதர் மூச்சிரைக்கத் தொற்றிக்கொண்டார்.

முட்டிமோதாமல் ஏறினாள், டிக். டிக்கெட் வாங்கினாள், டிக். இடம் பார்த்து உட்கார்ந்தாள், டிக். டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

நூலகம் வந்தது. மஞ்சள் பை அசையவில்லை. அடுத்த ஸ்டாப்பும் போயிற்று. டீச்சருக்குப் பகீரென்றது. பேசத்தானே கூடாது, இருமலாமே என்று முன்னால் போய், மஞ்சள் பையின் காதருகே நன்றாக இருமினாள்.

மஞ்சள் பை திரும்பியது. முன்பின் பார்த்திராத, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி.

"தொண்டை கட்டியிருக்கா? இந்தாங்க, இந்த மிட்டாயை வாயில போட்டுக்கோங்க."

அடுத்த ஸ்டாப்பில் டீச்சர் மிட்டாயோடு குதித்து இறங்கினாள். போனை எடுக்கக் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். கை ஓட்டை வழியாகக் கீழே வந்து அவளையே எட்டிப் பார்த்தது. பதறிப்போய் எதிர்ப்பக்கம் ஓடி, முதலில் வந்த பஸ்ஸில் ஏறினாள். பஸ் எண் அவள் கண்ணுக்கு இரண்டு கொழுக்குமொழுக்குப் புள்ளிகளாகத்தான் தெரிந்தது. அது, அவள் போக வேண்டிய திசைக்கு நேர்மாறாகத் திரும்பி, ஊர்க்கோடியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். பக்கத்தில் மாஸ்க் மனிதரும் உட்கார்ந்தார்.

"சார், நூலகத்துக்கு எந்த பஸ்?"

"தெரியாதுங்க," என்றார் அவர் கிசுகிசுப்பாக. "நானும் தப்பா ஏறிட்டேன்."

வரிசை எங்கே இருப்பாள், அழுதுகொண்டிருப்பாளோ? டீச்சருக்குக் கண் கலங்கியது. அட்டையைப் புரட்டினாள். மாணவர்களுக்காக அவளே எழுதிய உதவிச் சீட்டு இருந்தது. ‘வழி தவறினால்: நில். மூச்சு விடு. கீழே உள்ள எண்ணைக் கூப்பிடச் சொல்.’ கீழே இருந்தது அவளுடைய எண்ணேதான். வேறு வழியில்லாமல் சீட்டை மாஸ்க் மனிதரிடம் நீட்டினாள். அவர் சீட்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, போன் போட்டுக் கையில் கொடுத்தார்.

"ஹலோ... ஓ, டீச்சரா? போன்ல வேற பேருல்ல வந்துச்சு?" என்றது வரிசையின் குரல்.

"ஐயோ, எங்கம்மா இருக்கே?"

"மெதுவாப் பேசுங்க டீச்சர், லைப்ரரில இருக்கேன். புல்லுல உங்க போன் கிடந்துது. அதை எடுக்கறதுக்குள்ள பஸ் போயிடுச்சு. அடுத்த பஸ்ல வந்தேன். புக்கைக் குடுத்துட்டேன். நீங்க எங்க இருக்கீங்க?"

"தெரியலையே."

"நில்லுங்க. மூச்சு விடுங்க." டீச்சர் எழுந்து நின்று மூச்சு விட்டாள். "இப்ப அங்க இருக்கற போர்டைப் படிங்க."

"கண்ணாடி இல்லம்மா."

"கிட்டப் போய்ப் படிங்க. அவசரமில்ல."

டீச்சர் போர்டில் மூக்கு இடிக்க நின்று எழுத்துக்கூட்டினாள். "தண்-ணீர்த்-தொட்-டி."

"கரெக்ட். இருங்க, லைப்ரரி அக்காகிட்டக் கேக்கறேன்... இருபத்திரண்டாம் நம்பராம். நான் வர்றேன். அங்கேயே உட்காருங்க. பக்கத்துல இருக்கறவரையும் எங்கயும் விட்டுடாதீங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் அதை வெடுக்கென்று வாங்கிப் பைக்குள் ஒளித்துக்கொண்டார். இரவல் கொடுத்த போனுக்கே இவ்வளவு பயமா என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து இருபத்திரண்டாம் எண் பஸ்ஸிலிருந்து மஞ்சள் பை இறங்கியது. டீச்சர் இந்தத் தடவை முகத்தருகே போய் உற்றுப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் கட்டிக்கொண்டாள். வரிசை அவள் போனைக் கொடுத்தாள். அட்டையை வாங்கி, தாளில் விரலை வைத்துக் கடைசிக் கட்டம்வரை நிதானமாகப் படித்தாள்.

"‘எதிர்பாராதது நடந்தால் சமாளிப்பார்.’ டிக் போடுங்க டீச்சர்."

மற்ற கட்டங்களை நிரப்பிவிட்டு டீச்சர் அதிலும் போட்டாள். கண்ணீரில் அந்தக் கட்டம்கூடச் சரியாகத் தெரியவில்லை. "எல்லாம் சரிம்மா. ஆனா உங்கப்பாவ யாரு சமாதானப்படுத்தறது?"

வரிசை அனுமதிப் படிவத்தை உருவி எடுத்து, பேனாவோடு பெஞ்சில் இருந்தவரிடம் நீட்டினாள்.

"மாஸ்க்கை எடுத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கப்பா, பஸ் வருது."