மருதாணிச் செடியை வெட்டாததற்குக் காரணம்

கும்மிடிப்பூண்டி,
ஆகஸ்ட் 2007

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணன் அசன் முகைதீன் அவர்களுக்கு, தங்கை ஜாஹிதா ஸலாம் சொல்லி எழுதுவது. நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை எழுத மாட்டேன் என்கிறது. பழவேற்காட்டில் நீங்களும் அண்ணியும் நலமாக இருந்தால் அதில் எனக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். போனில் நீங்களே பேசி நீங்களே வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"மாப்பிள்ளை மவுத்தாகி மூன்று மாதம் ஆச்சு, விதவை வீட்டில் மருதாணிச் செடி எதுக்கு, வெட்டி எறி, அந்த இடத்தில் ரெண்டு ரூம் போட்டால் கம்பெனிப் பையன்கள் வாடகைக்கு வருவாங்க" என்று போன மாதம் சொன்னீர்கள். அண்ணன் பேச்சைத் தட்டுகிற பழக்கம் எனக்கு உண்டா? வெட்டத்தான் இருந்தேன். முடியாமல் போய்விட்டது. குற்றம் என்னுடையது இல்லை, ஒரு பூஞ்சையுடையது.

ஒரு நாள் காலேஜிலிருந்து துளசிராமன் என்று ஒரு சாரும் ஹம்ஸா என்று அவரிடம் படிக்கிற பெண்ணும் வந்தார்கள். கம்பெனிப் புகையில் தெருவே கறுத்துக் கிடக்க இந்த ஒரு செடி மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது என்று சுவருக்கு மேலே பார்த்துவிட்டு வந்தார்களாம். நான் இத்தாவில் இருக்கிறவள், நாலு மாதம் பத்து நாள் முடிகிற வரை மருதாணி வைக்கக்கூடாது, வெளி ஆண்கள் முன்னால் வரக்கூடாது. அதனால் நான் திரைக்கு உள்ளே, சார் திரைக்கு வெளியே, ஹம்ஸா இரண்டுக்கும் நடுவே.

"அம்மா, உங்க செடியோட இலைக்குள்ள ஒரு பூஞ்சை குடியிருக்கு."

"பூஞ்சைன்னா இன்னா சார்?"

"ஊறுகா மேல வெள்ளையா பூக்குமே, அந்த வகை."

எனக்கு வந்ததே கோபம். "நான் தெனம் தண்ணி ஊத்தி சுத்தமா வெச்சிகினு இருக்கற செடி சார் அது. உங்க ஊட்டு ஊறுகாயப் போய்ப் பாருங்க!"

ஹம்ஸா சிரித்துவிட்டாள். "திட்டலக்கா. எல்லாச் செடிக்குள்ளயும் இருக்கும். செடிய ஒண்ணும் பண்ணாது. உள்ளயே துன்னுகினு, வேற கிருமி வராம மருந்து சுரக்கும். அந்த மருந்து மனுசங்களுக்கு ஆவுமான்னு பாக்கறோம்."

குடியிருக்கிற வீட்டுக்குக் காவலும் இருக்கிறதாம்! மூன்று நாளைக்கு என்று வந்து உங்கள் வீட்டில் ஏழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாரே உங்கள் மைத்துனர் அஹ்சன், அவர் இதுவரை ஒரு தைலமாவது சுரந்தாரா என்று அண்ணியைக் கேட்காதீர்கள், வருத்தப்படுவார்.

அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார்கள். வருகிறவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டுமே என்று இலைகளைப் பறித்து, சோப்புத்தூள் போட்டு அலசி, மஞ்சள் தண்ணீரில் முக்கி, நிழலில் காய வைத்துத் தட்டில் அடுக்கித் தந்தேன். சார் தலையில் கையை வைத்துக்கொண்டாராம். அவர்களே கழுவுவார்களாம்: ஸ்பிரிட்டில் ஒரு முறை, பிளீச்சிங் தண்ணீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் ஒரு முறை. வெளியே ஒட்டினது எல்லாம் செத்தபிறகு இலையை நறுக்கிக் கண்ணாடித் தட்டில் வைத்தால், உள்ளே உண்மையாகக் குடியிருந்தது மெல்ல எட்டிப் பார்க்குமாம். மவுத்தான அன்று என் வீட்டுக்காரரையும் மூன்று முறைதான் குளிப்பாட்டினார்கள், அண்ணன். எதுவும் எட்டிப் பார்க்கவில்லை.

இதற்குள் நீங்கள் அனுப்பிய கொத்தனார் சடையப்பன் கடப்பாரையோடு வந்து நின்றார். செடியைத் தொடப் போனவரைப் பார்த்து சார் கத்தினார்: "கை வெக்காதய்யா! உள்ள உசுரு இருக்கு!"

"இன்னாது, செடிக்குள்ளயா? எக்கோவ், இந்த பேஜாரு நமக்கு வாணாம். அண்ணனையே வந்து வெட்டிக்கச் சொல்லு!"

மனுஷன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓடியே போய்விட்டார். கடப்பாரை இங்கேதான் இருக்கிறது.

சார் அப்புறம் செடியில் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று கட்டினார். ஏன் வெட்டக்கூடாது என்றால், பூஞ்சையைத் தனியாகப் பிரித்துத் தட்டில் வளர்த்தால் நாலைந்து தலைமுறையில் மருந்து சுரப்பதையே விட்டுவிடுகிறதாம். திரும்பவும் இந்தச் செடியிடம்தான் வர வேண்டுமாம். என் வீட்டுக்காரர் இருந்தவரை, பெருநாளுக்குப் பெருநாள் அவரே இலை பறித்துத் தருவார், என் கை சிவக்காவிட்டால் செடியைத் திட்டுவார். இப்போது அதே செடி படிப்பாளிகள் சொத்தாகிவிட்டது. பெரிய இடத்து விவகாரம், நான் படிக்காதவள், என்ன செய்யட்டும்? ரூம் கட்டுகிற யோசனையை விட்டுவிடுங்கள்.

அண்ணிக்கு ஸலாம். பிள்ளைகளுக்கு என் துஆ. உங்கள் சர்க்கரை குறையவும், உங்கள் யோசனைகள் குறையவும் அல்லாஹ்விடம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
சொன்ன பேச்சு கேட்கும் தங்கை
ஜாஹிதா

பி.கு: உறையை ஒட்டும் முன் ஹம்ஸா வந்தாள். எங்கள் பூஞ்சையின் மருந்தை வேறு ஊரில் யாரோ முன்னமே கண்டுபிடித்துவிட்டார்களாம். இனி இந்தச் செடி தேவையில்லையாம். சீட்டை அவிழ்க்க வந்தவளை நான்தான் தடுத்தேன். ஆகவே மேலே எழுதியதில் காரணம் எதுவும் மிச்சமில்லை. செடியை வெட்டவிடாதது நான்தான், முதலிலிருந்தே நான்தான். வெள்ளிக்கிழமையோடு இத்தா முடிகிறது. சனிக்கிழமை அந்த இலையைப் பறித்து அரைத்து இரண்டு கையிலும் வைத்துக்கொள்ளப் போகிறேன். வெட்ட ஆள் அனுப்புவதானால் ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள். சனிக்கிழமை என் கை ஈரமாக இருக்கும்.