பூவாத்தாள் வீடு மாறிய கதை

ஒரு காட்டில், ஈச்சம்புதருக்கு அடியில் இருந்த வளையில் பூவாத்தாள் என்ற எலி ஏழு குட்டிகளோடு குடியிருந்தாள். குட்டிகள் பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. கண் திறந்து ஒரு வாரமாகிவிட்டது. தினையைத் தாமே கொறித்தன. இருந்தாலும் பழக்கதோஷத்தில் மடியையும் விடவில்லை.

பூவாத்தாள் மறுபடி நிறைமாதமாக இருந்தாள். இன்னும் ஓரிரு நாளில் அடுத்த ஈற்றுக் குட்டிகள் பிறந்துவிடும். பெரியதுகள் உள்ளே இருந்தால் பச்சைக்குட்டிகளை மிதித்துப்போடும், பாலையும் விட்டுவைக்காது. அவளுடைய இனத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. இருபத்தொன்றாம் நாள் ஒவ்வொன்றின் வாலிலும் லேசாக ஒரு கடி. பையன்கள் கிழக்கே, பெண்கள் மேற்கே. அத்தோடு முடிந்தது.

அந்த வருடம்தான் காட்டில் தாய்சேய் நல அலுவலகம் திறந்திருந்தார்கள். எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தால் வளைக்குச் சீல் வைக்கப்படும் என்று ஒவ்வொரு மரத்திலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

பூவாத்தாள் விடிந்ததும் போய் வரிசையில் நின்றாள். டோக்கன் இயந்திரத்தின் திரை அவள் விரலை ஏற்கவில்லை. ஏறிக் குதித்தாள். அப்போது இரண்டு டோக்கன் வந்தது.

முன்னால் ஒரு ஆமை நின்றிருந்தது.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று பூவாத்தாள் கேட்டாள்.

"போன வருஷம் நூத்திப்பத்து முட்டை. மணல்ல மூடிட்டு வந்துட்டேன். அதுக்கு விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியிருக்காங்க."

"பிள்ளைங்க முகத்தைப் பார்க்கலையேன்னு வருத்தமா இல்லையா?"

"முகம் தெரிஞ்சாத்தானேம்மா வருத்தப்பட," என்றது ஆமை.

அலுவலர் மங்களேஸ்வரி ஒரு யானை. விண்ணப்பத்தைத் தும்பிக்கையால் எடுத்துக் கண்ணருகே வைத்துப் படித்தாள்.

"குட்டிங்களுக்கு என்ன வயசு?"

"நாளையோட இருபத்தோரு நாள் மேடம்."

"கம்ப்யூட்டர் வருஷக்கணக்கு மட்டும்தான் ஏத்துக்கும். பூஜ்யம்னு போடறேன்." போட்டாள். "பார்த்தியா, இன்னும் பிறக்கலைன்னு சொல்லுது. பிறக்காத குழந்தையை எப்படிப் பிரிக்கறது? ஒரு வயசு ஆகட்டும், வா."

"ஒரு வயசுல அதுங்க பேரன் பேத்தி எடுத்துடும் மேடம்."

மங்களேஸ்வரி விண்ணப்பத்தைக் கீழே வைத்தாள். "என் மகனுக்கு நாலு வயசு. இன்னும் மடியை விடல. நீ இருபத்தோரு நாள்ல துரத்தறேங்கறே. இதெல்லாம் பெத்த மனசா?"

வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூவாத்தாளுக்குக் காது சிவந்துவிட்டது. விண்ணப்பத்தின் மேல் 'நிராகரிக்கப்பட்டது' என்ற முத்திரை விழுந்தது. காகிதத்தைத் தூக்கிப் போட்ட காற்றிலேயே அவள் வாசல்வரை தள்ளப்பட்டாள்.

வீட்டில் குட்டிகளிடம் நடந்ததைச் சொன்னாள். மூத்தவள் சிவகாமி மீசையைத் தடவிக்கொண்டாள்.

"நாங்க நாலு நாளாவே கிளம்பத் தயாராத்தாம்மா இருக்கோம். நீ அழுவியேன்னு சொல்லல."

"நானும் நீங்க அழுவீங்களேன்னுதான் சொல்லல," என்றாள் பூவாத்தாள்.

ஆனால் கிளம்பினால் சீல் வைப்பார்கள். பிரசவத்துக்கு வளை வேண்டும்.

மறுநாள் அவள் அதே அலுவலகத்தில் வேறொரு ஜன்னலுக்குப் போனாள். அங்கே உடும்பு ஒன்று உட்கார்ந்திருந்தது. வரிசையே இல்லை.

"முகவரி மாத்தணும் சார்."

"யார் யார் போறீங்க?"

"நான் மட்டும்."

உடும்பு நிமிர்ந்து பார்த்தது. "குழந்தைங்க?"

"இந்தப் படிவத்துல அந்தக் கேள்வி இல்லைங்களே."

உடும்பு படிவத்தை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தது. இல்லைதான். முத்திரை குத்திக் கொடுத்தது.

பூவாத்தாள் ஏழு முழம் தள்ளியிருந்த கள்ளிப்புதரின் அடியில் இருந்த வளைக்குக் குடிபோனாள். கடைக்குட்டி செங்கான் மட்டும் பின்னாலேயே ஓடிவந்து மடியில் முட்டினான். ஒரு வாய் குடிக்க விட்டாள். பிறகு வாலைக் கடித்தாள். நினைத்ததைவிடக் கொஞ்சம் பலமாகவே கடித்துவிட்டாள். அவன் கத்திக்கொண்டு கிழக்கே ஓடினான். புல் அசைவது நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வலி எடுத்துவிட்டது. மேற்கொண்டு வருத்தப்பட நேரமில்லை. எட்டுக் குட்டிகள் பிறந்தன.

பழைய வளையிலிருந்து மற்ற ஆறும் அன்றே தத்தம் திசையில் போய்விட்டன. அம்மா இல்லாத வீட்டை விட்டுப் போவது பிரிப்பதில் சேராது என்று சிவகாமி நோட்டீஸைப் படித்து உறுதிசெய்திருந்தாள்.

ஆண்டு அறிக்கையில், அந்தக் காட்டில் ஒரு குட்டிகூடத் தாயிடமிருந்து பிரிக்கப்படவில்லை என்று எழுதப்பட்டது. மங்களேஸ்வரிக்குச் சிங்கம் பொன்னாடை போர்த்தியது. ஏற்புரையில் அவள் பூவாத்தாளை மேடைக்குக் கூப்பிட்டு, "புத்தி சொன்னேன், திருந்திட்டா," என்று அறிமுகப்படுத்தினாள். பூவாத்தாள் கும்பிட்டாள். அவளுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எட்டுக்கும் மறுநாள் இருபத்தொரு நாள். உடும்பின் ஜன்னல் ஐந்து மணிக்கு மூடிவிடும்.

நீதி: குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிப்பது குற்றம், தாயைக் குட்டிகளிடமிருந்து பிரிப்பது வெறும் முகவரி மாற்றம்.