நாணயம் விற்கப்போகிறவர்

நாணயம் சேகரிப்பவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேட்டைக்கு ஒருவர் இருப்பார், ஆபத்தில்லாதவர். நான் சொல்ல வருவது அதைவிட ஒரு படி முற்றிய இனம். விற்கப்போகிறவர். கவனியுங்கள், விற்பவர் இல்லை. விற்கப்போகிறவர். நல்லதாக நாலு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்துவிடப்போவதாக வருடம் தவறாமல் அறிவிப்பார். அறிவித்த ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் கட்டிலில் பரப்புவார். பொழுது சாயும்போது எல்லாவற்றையும் அதே வரிசையில் அலமாரிக்குள் திரும்ப அடுக்கிவிட்டு, பெரிய காரியம் முடிந்த களைப்போடு வந்து உட்காருவார்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒன்று கல்கத்தாவில், டாக்குரியாவில், எங்கள் எதிர் ஃபிளாட்டில் குடியிருந்தது. பெயர் பட்டாபி. கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமையகத்தில் கணக்கு அதிகாரி. அங்கே அவர் வேறு மனிதர். கண்ணீர் மல்க எழுதப்பட்ட மனுக்களையும், மூன்று மேஜை தாண்டி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும் பயணப்படிக் கோரிக்கைகளையும், விதியில் இடமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார் என்று பெயர். வீட்டில் ஒரு எட்டணாக் காசை இங்கிருந்து அங்கே நகர்த்த அவருக்கு ஒரு பருவம் வேண்டும்.

விஷயம் புரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏதாவது ஒரு நூற்றாண்டு, ஏதாவது ஒரு பொன்விழா என்று புதுக் காசு வெளியிடும்போது அரசாங்க நாணயச்சாலை அதை இரண்டு தினுசாக விற்கும். ஒன்று, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக அச்சடித்து, வெல்வெட் வைத்த பெட்டியில் பதித்தது. ப்ரூஃப் செட் என்பார்கள். மற்றது, கடைத்தெருவைப் பார்க்காத சாதாரணக் காசுகளை அட்டையில் செருகியது, மலிவு. ஆசைப்பட்டவர் ஏதாவது ஒன்றை வாங்குவார். விற்கப்போகிறவர் இரண்டையும் வாங்குவார். பெட்டி, வைத்துக்கொள்ள. அட்டை, விலை ஏறியதும் விற்க. விலை ஏறும். ஏறுகிற பொருளை எவனாவது விற்பானா? இறங்கும். இறங்கும்போது விற்க அவர் என்ன பைத்தியமா?

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சடங்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கட்டில்மேல் சலவை வேட்டி விரிக்கப்படும். கைக்கு மருந்துக்கடை வெள்ளை உறை, கண்ணுக்குப் பூதக்கண்ணாடி. தும்மல், காபி, பேச்சு எல்லாம் அறைக்கு வெளியே. மின்விசிறி கிடையாது, தூசி பறந்து காசில் உட்காருமாம். கல்கத்தாவின் மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருவது எப்படியிருக்கும் என்பதை அனுபவிக்காதவர்களுக்கு என்னால் விளக்க முடியாது. அவர் மகள் சஹானா சின்னப் பெண்ணாக இருந்தபோது, லோட் ஷெட்டிங் என்று மின்சாரம் நின்றால் சந்தோஷப்படுகிற ஒரே பிரஜை அவள்தான். அப்போதுதான் ஊருக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே நீதி.

என்னைச் சாட்சியாகக் கூப்பிடுவார். ஒரு பெட்டியை எடுத்து, இது போகலாம் என்பார். திறப்பார். அதோடு சரி. இது பம்பாயில் அச்சானது, இந்தப் பக்கம் கிடைப்பது அபூர்வம், இருக்கட்டும். இது கல்கத்தாவில் அச்சானது, நம் ஊர்க் காசு, அதை எப்படி விற்பது? இதில் ஒரு புள்ளி விழுந்திருக்கிறது, இப்போது கொண்டுபோனால் அடிமாட்டு விலைக்குக் கேட்பான், இருக்கட்டும். இதில் புள்ளியே இல்லை. புள்ளியே இல்லாததை விற்கலாமா, சொல்லுங்கள்? நான் சொன்னதில்லை. என்னிடம் அவர் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

இப்படியே தொண்ணூறுகள் போயின. அவருக்கு ஓய்வு வந்தது. சென்னையில், நங்கநல்லூரில், இரண்டு அறை வைத்த சின்ன ஃபிளாட் ஒன்றை வாங்கியிருந்தார்கள். அவர் மனைவி ரோஹிணி, இருபத்தைந்து வருஷத்துக் கல்கத்தாவை ஒரே முற்பகலில் பைசல் செய்தார். சாப்பாட்டு மேஜை, எல்லோருக்கும் அண்ணியான மாடி வீட்டு அஞ்சனா பௌதிக்கு. தையல் மெஷின் வேலைக்கு வந்த பெண்ணுக்கு. பித்தளை அண்டா பாலிகஞ்ச் பஜனை கோஷ்டிக்கு. எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு கணவரிடம் வந்தார். காசுகளை லாரியில் ஏற்ற அவருக்கு மனசு வராது என்று ரோஹிணிக்குத் தெரியும். ஆகவே ரயிலில், கையோடு, ஒரே ஒரு பெட்டி. அதில் அடங்குவது வரட்டும், மற்றதற்கு ஒரு வழி செய்யுங்கள் என்றார்.

பட்டாபி மூன்று குவியல் போட்டார். வைத்துக்கொள்வது, விற்பது, மூன்றாவது ஒன்று. துர்கா பூஜை வந்து போயிற்று, குளிர் வந்தது, முதல் குவியல் குன்றாகவும் மூன்றாவது மலையாகவும் வளர்ந்தன. நடுவில் வேட்டிதான் தெரிந்தது.

"மூணாவது என்னது?" என்று கேட்டார் ரோஹிணி.

"அது பார்க்கலாம்."

"எந்த ஊர்லேர்ந்து பார்க்கறதா உத்தேசம்?"

அது தைத்திருக்க வேண்டும். மறுநாள் காலை அவர் ஒரு விதி வகுத்தார். கணக்கு அதிகாரியல்லவா, விதி என்று ஒன்று வந்துவிட்டால் இரக்கம் போய்விடும். ஒரே வருஷத்தில் இரண்டு ப்ரூஃப் செட் இருந்தால், மட்டமானது வெளியே. தேடினார். அலமாரி முழுவதிலும் அந்த விதிக்குச் சிக்கியது ஒரே ஒரு பெட்டி. மெரூன் நிறம், உள்ளே வெல்வெட்டில் ஈரம் பட்டு ஓரமாகப் பாதி வெளுத்திருந்தது. அந்த வருஷத்துக்கு இதைவிடச் சுத்தமான பெட்டி வேறு இருந்தது. எங்கிருந்து இரண்டு வந்தன என்று அவர் யோசிக்கவில்லை. கடியாஹாட்டில் நிமாய் பாபு என்று ஒரு காசு வியாபாரி; பட்டாபியிடம் விற்றுப் பழகியவரே தவிர வாங்கிப் பழகியவரில்லை. அவர் கடைக்குப் போய், விற்றே விட்டார்.

திரும்பி வரும்போது நடையே மாறியிருந்தது. கையில் சந்தேஷ் இனிப்புப் பொட்டலம். எனக்கும் ஒன்று கொடுத்தார். ஆரம்பிப்பதுதான் கஷ்டம், ஆரம்பித்துவிட்டால் ஒன்றுமே இல்லை என்று, வாழ்நாளெல்லாம் விற்றே பிழைத்தவர்போல் சொன்னார். எதை விற்றார் என்று ரோஹிணி கேட்டார். சொன்னார். வெல்வெட் வெளுத்ததையும் சொன்னார்.

ரோஹிணி சந்தேஷைப் பிட்டுக்கொண்டிருந்தார். பிட்டதைத் தட்டில் வைத்தார்.

"அது நான் வாங்கிக் கொடுத்தது."

அவர்கள் கல்யாணத்தின் வெள்ளி விழாவுக்கு. ஆடி மழையில், தெருவெல்லாம் தண்ணீர் நின்ற நாளில், அவருக்குத் தெரியாமல் அலிப்பூர் நாணயச்சாலை வரைக்கும் போய், வரிசையில் நின்று, புடவைத் தலைப்புக்குள் பொத்திக்கொண்டு வந்த பெட்டி. அப்படியும் நனைந்தது. பட்டாபிக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அந்த செட் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் நனைந்த புடவையோடு நிற்கிறவளிடம் அதைச் சொல்லாமல், இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், எங்கேயும் கிடைக்கவில்லை என்றிருந்தார். சொன்ன பொய்யை அப்புறம் மறந்தும் போனார்.

இப்போது உண்மையைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது, ரோஹிணி, என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"தெரியும். அலமாரியைத் துடைக்கறது யாரு?" என்றார் ரோஹிணி. "மறுநாளே பார்த்துட்டேன். இருந்தும் இல்லேன்னு சொன்னேளே, அதனாலதான் வீட்டுல இருக்கற இத்தனை காசுல அந்தப் பெட்டி மட்டும் எனக்குப் பிடிக்கும்."

பிறகு உள்ளே போய்ப் புடவைகளை மடிக்க ஆரம்பித்துவிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் பட்டாபி பதில் சொல்லியிருப்பார். பதில் சொல்வதில் வல்லவர். மடிக்கிற புடவைக்கு என்ன பதில் சொல்வது? செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, கடை சாத்துவதற்குள் கடியாஹாட்டுக்கு ஓடினார்.

நிமாய் பாபு சுறுசுறுப்பானவர். வெளுத்த வெல்வெட்டோடு யார் வாங்குவார்கள் என்று, காசுகளைப் பெயர்த்து வேறொரு நல்ல பெட்டியில் பதித்துக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார். பழைய பெட்டியைக் காட்டினார். அதில் ரப்பர் பேண்டும் குண்டூசியும் கிடந்தன. காசு வேண்டுமானால் திரும்பத் தருகிறேன், ஆனால் வாங்கிய விலைக்குத் தர முடியாது, அது வியாபாரமில்லை என்று வங்காளமும் இந்தியும் கலந்து விளக்கினார்.

பட்டாபி கண்ணாடிக்குள் பார்த்தார். புதுப் பெட்டியில் காசுகள் அற்புதமாக இருந்தன. நான் மனத்துக்குள் அலுத்துக்கொண்டேன். இனி பூதக்கண்ணாடி வரும், பம்பாயா கல்கத்தாவா என்று ஆராய்ச்சி வரும், நாம் வீடு திரும்பினாற்போலத்தான் என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியிலிருந்து திரும்பினார். "காசு வேணாம்," என்றார் என்னிடம். "அந்தப் பெட்டியை மட்டும் கேளுங்கோ. நான் கேட்டா மறுபடியும் காசைப் பார்த்துடுவேன்."

குண்டூசிகளைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டிக்கு விலை வாங்க மாட்டேன் என்று நிமாய் பாபு சும்மாவே கொடுத்தார்.

வீட்டில் ரோஹிணி அதைத் திறந்து பார்த்தார். வெளுத்த வெல்வெட்டில் வட்ட வட்டமாக வெறும் பள்ளங்கள். தன்னுடைய துணிப்பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு நடுவில் இடம் பண்ணி அதை வைத்தார். பிறகு கணவருக்குக் காபி கலந்து கொண்டுவந்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, பாதி பிட்ட சந்தேஷைச் சாப்பிட்டு முடித்தார். சமாதானம் ஆயிற்று என்பதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

இத்தோடு இந்தக் கதையை முடித்தால் பட்டாபி ஒரு மகான் ஆகிவிடுவார். ஆகவே மீதியையும் சொல்கிறேன். காலிப் பெட்டியைச் சும்மா வாங்குவது கணக்கு அதிகாரிக்கு உறுத்தியிருக்கிறது. ஒரு மனிதர் இவ்வளவு பெருந்தன்மையாக நடந்துகொள்ளும்போது வெறுங்கையோடு வந்தால் நன்றாகவா இருக்கும்? எனவே கடையைவிட்டு இறங்குமுன் அவரிடம் புதிதாக ஒரு ப்ரூஃப் செட் வாங்கினார். ரோஹிணியிடம் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டார். ஒன்றை விற்று ஒன்றை வாங்கியாயிற்று, கணக்கு நேர். மற்ற குவியல்களைப் பற்றிக் கேட்டீர்களானால், அவை அத்தனையும் ஹௌராவில் ரயில் ஏறின. கையோடு வருவது ஒரு பெட்டி என்றுதான் நிபந்தனை. அது எவ்வளவு பெரிய பெட்டி என்று ரோஹிணி சொல்லவில்லை. அதைத் தூக்கிய கூலி என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. நங்கநல்லூரிலிருந்து போன மாதம் பேசினார் பட்டாபி. வருகிற ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் கழித்துவிடப்போகிறாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் காசுப் பெட்டி கிடையாது. ரொம்ப நல்லது. பரணில் டி.வி. வந்த அட்டைப்பெட்டி இருக்கிறதல்லவா, தெர்மோகோலோடு, என்றைக்காவது வீடு மாற்றினால் உதவும் என்று? எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள் ஒரு டப்பா நிறைய? இளைத்த பிறகு போட்டுக்கொள்வதற்காக ஒரு பேண்ட்? அதெல்லாம் வேறு, அதற்குக் காரணம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும், நான் வாதாடவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்கும்போதே உங்கள் கண் மெதுவாக ஒரு பக்கம் போய்த் திரும்பியதே, அந்த மூலையில் என்ன வைத்திருக்கிறீர்கள்?