அப்பா சாவுக்கு வந்த கோட்டுக்காரர்

ஒரு மனிதன் திருந்துவதற்குப் பன்னிரண்டு எபிசோடு போதும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அப்போது பொம்மனஹள்ளியில் ஒரு கம்பெனியில் நாள் பூராவும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிச்ச நேரத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (ரெண்டுக்கும் நடுவுல மூஞ்சி கழுவினதா ஞாபகம்.)

செல்போனில் நான் பார்த்தது ஓர் அனிமே. ஜப்பான்காரர்கள் வரைந்து எடுக்கிற தொடர். அதைக் கார்ட்டூன் என்று யாராவது சொன்னால் எனக்கு அப்போதெல்லாம் கோபம் பொத்துக்கொண்டு வரும். நாயகன் பெரிய கோடீஸ்வரன், பொழுது போகாமல் துப்பறிய வந்தவன். பூட்டிய அறைக்குள் கொலை நடந்தால் மற்றவர்கள் சாவியைத் தேடுவார்கள். இவன் கட்டடத்தையே விலைக்கு வாங்கி இடித்துப் பார்ப்பான். வெள்ளைக் கோட்டு, வெள்ளி முடி, நீலக் கண், தங்கப் பிடி போட்ட கைத்தடி. யாரையும் மனுஷனாக மதிக்க மாட்டான்.

அவனுக்கு ஒரு டிரைவர் உண்டு. எபிசோடுக்கு எபிசோடு உயிரைக் கொடுத்து ஓட்டுகிற அந்த ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான், "டிரைவர்" என்பான். பதினோராவது எபிசோடில், கொட்டுகிற மழையில், வயலின் அழ, முதல் தடவையாக "உன் பேர் என்ன?" என்று கேட்பான். அந்த இடத்தில் நான் அழாமல் இருந்ததே இல்லை. இதுதான் ஒரு கேரக்டர் வளர்வது என்று நண்பர்களை உட்காரவைத்து விளக்குவேன். உன் கேரக்டர் எப்போதடா வளரும் என்று ஒருத்தனும் திருப்பிக் கேட்கவில்லை.

அப்பாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் தோள் வழியாக எட்டிப் பார்ப்பார். அவர் பதினாறு வருடமாக ஒரு தொழிற்சாலை முதலாளிக்குக் கார் ஓட்டியவர். ஆகவே பணக்காரர்கள் விஷயத்தில் எங்கள் ஸ்ரீராம்புரத்திலேயே பெரிய நிபுணர்.

"கார் கதவ இவனே தொறந்துக்கிறான் பாரு. இவன்லாம் டூப்பு."

பேர் கேட்கிற கட்டத்தை மட்டும் அவரை இழுத்து உட்காரவைத்துக் காட்டினேன். கண் கலங்குவார் என்று பக்கத்தில் தயாராக இருந்தேன்.

"பதினோரு எபிசோடுல பேரு கேட்டுட்டானா," என்றார். "பரவால்ல, சீக்கிரம் திருந்திட்டான். எங்காளு இன்னும் டிரைவர்னுதான் கூப்டுறாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு அடுத்த எபிசோடைப் போட்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே நாலு சாத்தலாம் போலிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு பெரிய மண்டபத்தில் அனிமே ரசிகர்கள் வேஷம் கட்டிக்கொண்டு கூடும் விழா. ஆபீஸ் இருக்கிறது என்று வீட்டில் புளுகிவிட்டு விடிவதற்குள் நண்பன் வீட்டுக்குப் போய்விட்டேன். கல்யாண மாப்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிற வெள்ளைக் கோட்டு, பசை வைத்து ஒட்டிய வெள்ளி விக், முகத்தில் தோசை மாவு கனத்துக்கு மேக்கப், கண்ணில் நீல லென்ஸ். கைத்தடி என்பது தங்கக் கலர் பெயின்ட் அடித்த பிளம்பிங் பைப், நுனியில் கதவுக் குமிழ். போனையும் மாற்றுத் துணியையும் நண்பனின் காரிலேயே விட்டுவிட்டேன். கோடீஸ்வரன் பையைத் தூக்கிக்கொண்டு திரிய மாட்டான் அல்லவா.

மதியத்துக்கு மேல், மேடை ஏறும் வரிசையில் நின்றிருந்தபோது நண்பன் என் போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். திரை முழுக்கத் தங்கை வனிதாவின் மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டேன்.

காலை டிபனுக்கு உட்கார்ந்த அப்பா அப்படியே சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கொள்ளி வைக்க நான் ஒருத்தன்தான் பிள்ளை. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும், எனக்காக வைத்திருக்கிறார்கள் என்று அழுதாள்.

வெளியே ஓடி முதலில் கண்ணில் பட்ட ஆட்டோவில் ஏறிவிட்டேன். துணி காரில் இருக்கிறது என்பது பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. விக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். தலையோடு வரும் போலிருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஷூட்டிங்கா சார்?"

"இல்லண்ணா, சாவு."

"சாவு சீனா. இன்னா ரோலு?"

"புள்ள," என்றேன்.

"மெயின் ரோலுதான்," என்று வண்டியை முறுக்கினார்.

சந்து முனையில் இறங்கி, பின்பக்கமாக நுழைந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்தப் புண்ணியவான் என்னைக் கொண்டுபோய்ச் சரியாகப் பந்தலுக்கு முன்னாலேயே இறக்கிவிட்டார். அடித்துக்கொண்டிருந்த மேளம் நின்றது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கவயல் சித்தப்பா வந்தார். அப்பாவின் கூடப் பிறந்த தம்பி. ஏதோ ஒரு சண்டையில், "காலம் பூரா ஒருத்தனுக்குக் கார் கதவு தொறந்து வுடுற பொழப்பு" என்று அப்பாவைச் சொல்லிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு வீட்டுப் படி ஏறவில்லை. என்னை அவர் கடைசியாகப் பார்த்தபோது நான் அரை டிராயர் போட்டிருந்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பந்தலைப் பார்த்துத் திரும்பினார்.

"இன்னாமோ பேசினீங்களே, முதலாளி வூட்லேர்ந்து ஒரு நாயும் எட்டிப் பாக்கலன்னு. இதோ பாருங்கய்யா, முதலாளி பையனே நேர்ல வந்துட்டாரு. எங்கண்ணன் ஒழைச்ச ஒழைப்பு அப்படி."

காலையிலேயே முதலாளி வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஐயா வெளியூரில் இருக்கிறார், தகவல் சொல்லிவிடுகிறோம் என்று மேனேஜர் போனை வைத்துவிட்டாராம். அந்த முதலாளிக்கு வெளிநாட்டில் படிக்கிற ஒரு பையன் உண்டு. அவனை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

நான் சித்தப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அவர் அழுதுகொண்டிருந்தார், சந்தோஷமாகவும் இருந்தார். இத்தனை வருடம் கழித்து அண்ணன் முகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த மனிதருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது. அதை நான் எப்படிப் பிடுங்குவது? (சும்மா சொல்லக் கூடாது, பயமும் இருந்தது. அப்பன் செத்த அன்னிக்கு வேஷம் கட்டினு வந்தவன்னு தெரிஞ்சா அங்கயே பொளந்திருப்பாங்க.)

"ஒக்காருங்க சார். சோடா கொண்டாங்கடா," என்றார் சித்தப்பா. "அவர் புள்ளைக்காகத்தான் சார் வச்சினு கீறோம். ஒரே புள்ள. ஆபீஸாம். காலைலேர்ந்து போன எடுக்கல, இப்பதான் கெளம்பி வரானாம். அப்பன் செத்து கெடக்கிறான், இவனுக்கு ஆபீஸு. நீங்களும்தான் ஒரு புள்ள. எங்கேர்ந்து வந்து நிக்கறீங்க."

பக்கத்திலிருந்த ஒருவர் உச்சுக் கொட்டினார். நானும் என்ன செய்வதென்று தெரியாமல் உச்சுக் கொட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியங்களில் அதற்குத்தான் முதலிடம்.

கையில் ஒரு ரோஜா மாலையைக் கொடுத்து உள்ளே கூட்டிப்போனார்கள். பெட்டியில் அப்பா படுத்திருந்தார், நெற்றியில் காசு, தாடையில் கட்டு. தலைமாட்டில் அம்மா. வனிதா என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். பெற்றவளுக்கு விக்காவது லென்ஸாவது. என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள், எனக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்ற சித்தப்பாவைப் பார்த்தாள், வாசலில் எட்டிப் பார்த்த தெருவைப் பார்த்தாள்.

"வாங்க சார்," என்றாள். "உங்களப் பத்திதான் எப்பவும் பேசிக்கினே இருப்பாரு."

மாலையைப் போட்டேன். எல்லோரும் நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார்கள். எங்கள் வீட்டில் அப்பா பேரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டால்கூடத் தயங்கித்தான் சொல்வேன். வெளியே அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டியவர்களோ கூப்பிடவில்லை.

"ஏகாம்பரம் சார்," என்றேன். பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும், "ஏகாம்பரம் சார்," என்றேன்.

பின்னால் சித்தப்பா ஓவென்று அழுதார். "பேரு சொல்லி கூப்டுறாரு பாரு. அண்ணா, கேட்டுச்சா?"

வயலின் இல்லை. கல்யாணக் கோட்டு அக்குளில் பிடித்தது. அம்மா எழுந்து, வழியனுப்புகிறவள் போல என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள். காதருகில் சொன்னாள்:

"மேரி அக்கா வூட்ல போயி மூஞ்ச கழுவு. புள்ளையா வா."

பின்பக்கத்து மேரி அக்கா கதவைத் திறந்து, என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, பிறகு அடையாளம் கண்டு தேங்காய் எண்ணெய் எடுத்துவந்தார். விக் ஒரு பிடி சொந்த முடியோடு வந்தது. ஒரு லென்ஸ் வந்தது, இன்னொன்று எங்கோ இமைக்குள் ஒளிந்துகொண்டது. அவர் வீட்டுக்காரரின் வேட்டியைச் சுற்றிக்கொண்டு, சந்தைச் சுற்றி, முன்வாசலுக்கு ஓடிவந்தேன்.

பந்தலுக்குள் கால் வைத்ததும், "இவந்தான் புள்ள," என்று யாரோ காட்டினார்கள். சித்தப்பா வந்தார். ஒரே அறை. இடது கன்னத்தில்.

"முதலாளி புள்ள வந்துட்டுப் போயிட்டாரு. பெத்த புள்ள இப்பதான் வரியா?"

அறைந்த வேகத்தில் ஒளிந்திருந்த லென்ஸ் கீழே விழுந்தது. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. லென்ஸால் என்று நினைத்தேன், அது விழுந்த பிறகும் ரொம்ப நேரம் தண்ணீர் நிற்கவில்லை. பிறகு கொள்ளிச்சட்டியைக் கையில் கொடுத்தார்கள், நடந்தேன்.

எங்கள் தெருவைப் பொறுத்தவரை அன்று இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைக் கோட்டில் ஒரு பெரிய மனிதர், கார் நுழையாத சந்து என்று ஆட்டோவில் வந்து, கண் கலங்கி, பின்வழியாகப் போனார். அப்புறம் பொறுப்பில்லாத பிள்ளை ஒருத்தன் வந்தான். அம்மா யாரிடமும் அதைத் திருத்தவில்லை, என்னையும் திருத்த விடவில்லை. நிஜ முதலாளி வீட்டிலிருந்து யாரும் வரவே இல்லை. வீட்டுக்குள் மட்டும் இது வேறு மாதிரி ஓடுகிறது. நான் புதுச் சட்டை போட்டால் வனிதா எழுந்து நின்று, "வாங்க சார், சோடா சாப்டுறீங்களா?" என்பாள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். சிரித்து முடித்ததும் சில நாள் அழுவாள்.

போன வருடம் எனக்குக் கல்யாணம். வரவேற்புக்கு மாமனார் வீட்டில் எடுத்துக் கொடுத்தது வெள்ளைக் கோட்டு. மாற்றச் சொல்ல வாய் வரவில்லை. மேடை ஏறி வந்த தங்கவயல் சித்தப்பா கை கொடுத்தார், கோட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், நகராமல் நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. இந்தப் பக்கம் பாருங்க சார் என்று போட்டோக்காரர் கத்தினார். சித்தப்பா மெதுவாகக் கையைத் தூக்கி என் இடது கன்னத்தில் வைத்தார்.

"வலிச்சிதாடா?" என்றார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் இறங்கிப் போய்விட்டார். இனி எல்லோருக்கும் தெரிந்துவிடும், அப்பாவுக்குக் கிடைத்த அந்த ஒரு மரியாதையும் போயிற்று என்று நினைத்தேன்.

பந்தியில் என் மாமனாருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். நான் போனபோது ரசத்தை விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணன் சாவுக்கு அவரு முதலாளி பையனே நேர்ல வந்தாரு சம்மந்தி. கோட்டு போட்டுகினு. பேரு சொல்லி கூப்ட்டு அழுதாரு. இதோ நிக்கறானே மாப்ள, இவன் அதுக்கு அப்புறம்தான் வந்தான்."

மாமனார் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா மாமா," என்றேன். "நான்தான் லேட்டு."